வெட்டாத சுருள்கள்: மேரிலாந்து நாட்குறிப்பு

14 அக்டோபர் 2023, சனிக்கிழமை – சில்வர் ஸ்பிரிங்

வாஷிங்டனில் வந்து இறங்கினேன். என் பெட்டி வந்து சேரவில்லை. பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு, அது நான் விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டது என்றும் மூன்று நாளில் வீட்டுக்கே வந்துவிடும் என்றும் ஓர் ஊழியர் வருத்தத்தோடு சொன்னார். வெளியே தூறல். உடுத்தியிருந்த பருத்திப் புடவைக்குள் குளிர் புகுந்ததும், மகள் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். வீட்டில் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் காத்திருந்தன.

"அத்தை, இரண்டு நாள் நன்றாகத் தூங்குங்கள். அப்புறம் வெள்ளை மாளிகை, நினைவுத் தூண் எல்லாம் பார்க்கலாம்" என்றார் மாப்பிள்ளை. திங்கட்கிழமையே ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும் என்று நான் சொன்னபோது அவர் மறுப்புச் சொல்லவில்லை. நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

கோடம்பாக்கத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் நெகட்டிவ் கட்டிங் செய்தவள் நான். எடிட்டர் முடித்துக் கொடுக்கும் பிரிண்டைப் பார்த்து, எண் தவறாமல், மூல நெகட்டிவை வெட்டி ஒட்டுவது என் வேலை. ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். தொண்ணூறுகளில் ஓர் ஆவணப்படத்துக்காக இரண்டாம் உலகப் போரின் ஸ்டாக் ஷாட்டுகள், அதாவது முன்பே யாரோ எடுத்துவைத்த காட்சிகள், வந்தன. அமெரிக்கப் படைவீரர்கள் கடற்கரையில் இறங்கி ஓடும் காட்சி, மொத்தம் நான்கு விநாடி. எஃபெக்ட்ஸ் போடுகிறவர் அதற்குத் துப்பாக்கிச் சத்தமும் அலையோசையும் சேர்த்தார். அந்த நான்கு விநாடிக்கு முன்னும் பின்னும் கேமரா எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்ற கேள்வி அன்று என் மனத்தில் விழுந்தது. அதற்கு விடை தேடித்தான், ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகள் கழித்து, அந்தப் போர்ச் சுருள்கள் இருக்கும் காப்பகத்துக்கு வந்திருக்கிறேன்.

16 அக்டோபர், திங்கட்கிழமை – காலேஜ் பார்க்

பேருந்துக் கட்டணம் இரண்டு டாலராக இருந்தது. ஓட்டுநர் சில்லறை தருவதில்லை என்பது தெரியாமல் ஐந்து டாலர் தாளை நீட்டினேன். பின்னால் நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி தன் அட்டையைத் தேய்த்து எனக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு, நன்றி சொல்வதற்குள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பின்னிருக்கைக்குப் போய்விட்டாள்.

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இந்தக் கட்டடம் அடெல்ஃபி சாலையில், மரங்களுக்கு நடுவே, கண்ணாடியும் கல்லுமாக நிற்கிறது. 1994இல் திறக்கப்பட்டது. நகரின் நடுவிலுள்ள பழைய கட்டடத்தில்தான் சுதந்திரப் பிரகடனம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அங்கே போகிறார்கள். இங்கே வருகிறவர்கள் வேலையோடு வருகிறவர்கள். கடவுச்சீட்டைக் காட்டி, ஒரு சிறு பயிற்சியை முடித்து, புகைப்படம் எடுத்துக்கொண்டால் ஆய்வாளர் அட்டை தருகிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. அந்நிய நாட்டிலிருந்து வந்த, எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேராத, எழுபது வயதை நெருங்கும் ஒருத்தியிடம் "ஏன் பார்க்கவேண்டும்" என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் பதில் தயாரித்து, ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

கைப்பையையும் மேல்கோட்டையும் கீழே பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். திரும்பும்போது நாம் எழுதிய குறிப்புத்தாள்களை ஒரு பச்சை நிறத் துணிப்பையில் போட்டுப் பூட்டித் தருகிறார்கள். வாசலில் காவலர் பூட்டைத் திறந்து, தாள்களைப் பார்த்து, கையில் கொடுக்கிறார். அசையும் படங்களுக்கான அறை நான்காம் மாடியில். ஏசிக் குளிரில் விரல்கள் விறைத்துப்போயின.

இங்கே ஆவணத் தொகுதிகளுக்கு எல்லாமே எண்கள்தான். 111 என்றால் தரைப்படையின் சிக்னல் கோர், அதாவது தகவல் தொடர்புப் பிரிவு, 342 விமானப்படை, 428 கடற்படை, 127 மரைன் படை. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போருக்குள் இறங்கியபோது படமெடுக்கும் பொறுப்பு இந்தச் சிக்னல் கோரிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடியசைத்தும் தந்தியடித்தும் செய்தி அனுப்பியவர்கள் கேமராவையும் தூக்கவேண்டியதாயிற்று. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது.

முதல் நாள் அந்தக் காலத்துச் சுருள்களைத்தான் பார்த்தேன். கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் கேமரா, கனத்த மூன்று கால் தாங்கி. ஆகவே போரின் விளிம்பில் நின்றுதான் எடுக்க முடிந்திருக்கிறது. அணிவகுப்பு, கப்பலில் ஏறுதல், சூப் வாங்க நிற்கும் வரிசை, சேற்றில் இழுபடும் கோவேறு கழுதைகள். சுற்றும் கை களைத்தால் காட்சி வேகமெடுப்பதும் சுறுசுறுப்பானால் மந்தமாவதும் நன்றாகத் தெரிகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் நின்ற ஒருவரின் தோள்வலியை மேரிலாந்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

17 அக்டோபர், செவ்வாய்க்கிழமை – காலேஜ் பார்க், லாங்லி பார்க்

பெட்டி இன்னும் வரவில்லை. மகளின் கால்சட்டையும் மாப்பிள்ளையின் பெரிய கம்பளிச் சட்டையுமாகப் போனேன். குளிருக்கு அதுவே நல்லதாயிற்று.

இன்று இத்தாலி. 1943 டிசம்பரில் காசினோவுக்குத் தெற்கே சான் பியத்ரோ என்ற மலைக்கிராமத்துக்காக நடந்த சண்டையை இயக்குநர் ஜான் ஹூஸ்டன் தரைப்படைக்காகப் படமாக்கினார். 1945இல் வெளிவந்த அந்தப் படம் போர்க்களத்தின் நேரடிக் காட்சி என்று நெடுங்காலம் பாராட்டப்பட்டது. அதற்காக எடுத்து, படத்தில் சேராமல் போன சுருள்களும் இந்தக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்தவர்கள், தாக்குதல் காட்சிகளில் பெரும்பகுதி சண்டை ஓய்ந்த பிறகு, அதே வீரர்களை வைத்து நடத்திக் காட்டி எடுக்கப்பட்டவை என்று நிறுவியிருக்கிறார்கள்.

படித்தறிந்த செய்திதான். ஆனால் சுருளில் பார்ப்பது வேறு. ஒரு சரிவில் வீரர்கள் குனிந்து ஓடுகிறார்கள், ஒருவர் விழுகிறார். கறுப்பு. மறுபடி அதே சரிவு, அதே ஓட்டம், அதே இடத்தில் விழுதல். எனக்கு உடனே புரிந்தது: முதலாவது என்ஜி, அதாவது சரியில்லை என்று ஒதுக்கியது, இரண்டாவது ஓகே. கோடம்பாக்கத்தில் நாள்தோறும் பார்த்த சங்கதி. என் தொழில் அந்த முதல் டேக்கைக் குப்பைக்கூடையில் போடுவது. போட்டிருந்தால், இரண்டாவது டேக்கை உலகம் என்றென்றைக்கும் உண்மைச் சண்டை என்றே நம்பியிருக்கும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். அந்தப் படத்தில் வெள்ளைப் பைகளில் வைத்துக் கட்டப்படும் உடல்கள் உண்மையானவை. நடித்துக் காட்டிய வீரர்களும் சில வாரங்களுக்கு முன் அதே மலையில் உண்மையாகவே ஓடியவர்கள்தாம். ஆகையால் "பொய்" என்ற ஒற்றைச் சொல்லை இதன்மேல் எறிந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

கேமராவைப் பற்றி ஒரு சொல். பெல் அண்ட் ஹவல் நிறுவனத்தின் ஐமோ என்ற 35 மில்லிமீட்டர் கேமராவைத்தான் பெரும்பாலும் கொடுத்திருக்கிறார்கள். கடிகாரம் போலச் சாவி கொடுத்து ஓட்டுவது. ஒரு சுருள் நூறு அடி. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடமும் ஏழு விநாடியும் ஓடும். தீர்ந்ததும் குண்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் எங்காவது பதுங்கி அடுத்த சுருளை மாற்றவேண்டும். அதில் ஒலிப்பதிவு கிடையாது. போர்க்களத்திலிருந்து வந்த படச்சுருள்களில் மிகப் பெரும்பாலானவை ஊமைதான். தொலைக்காட்சியில் நாம் கேட்கும் வெடியோசையும் விமான இரைச்சலும் பிற்பாடு ஏதோ ஓர் ஒலிக்கூடத்தில் சேர்க்கப்பட்டவை. நாள் முழுதும் சத்தமில்லாமல் பீரங்கி சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் காது தானாகவே தேடத் தொடங்குகிறது. பக்கத்து மேசையில் பென்சில் விழுந்த ஓசைக்கு நான் திடுக்கிட்டேன்.

திரும்பும் வழியில் பசி பொறுக்காமல் லாங்லி பார்க்கில் இறங்கினேன். அந்தப் பகுதியில் எல் சால்வடார் நாட்டு மக்கள் அதிகம். சிறிய கடையொன்றில் "இறைச்சி இல்லாமல்" என்று சைகையும் சொல்லுமாகக் கேட்டதும், கடைக்கார அம்மாள் சோள மாவை உள்ளங்கையில் குழித்து, அவரை விழுதும் பாலாடைக்கட்டியும் பூரணமாக வைத்து மூடி, அடை போலத் தட்டிக் கல்லில் போட்டார். கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்யும் அதே கைவாகு. புப்புசா என்று பெயர். புளிக்கவைத்த முட்டைக்கோஸ் தொட்டுக்கொள்ள. ஒன்று மூன்று டாலர். இரண்டு சாப்பிட்டேன், வயிறு நிறைந்தது. நான் கையால் பிய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்து அந்த அம்மாள் மகிழ்ந்து தலையசைத்தார்; அதைச் சாப்பிடும் முறையே அதுதானாம்.

18 அக்டோபர், புதன்கிழமை – காலேஜ் பார்க்

மதியம் வெளியே பெஞ்சில் தயிர் சாதப் பெட்டியைத் திறந்தபோது, காலையிலிருந்து எனக்கு இரண்டு மேசை தள்ளி வேலை செய்துகொண்டிருந்த ஒரு கொரியப் பெண்ணும் தன் உணவோடு வந்து உட்கார்ந்தார். என் எலுமிச்சை ஊறுகாயை அவர் சுவைத்தார். அவருடைய கிம்ச்சியில் மீன் கலந்திருக்கும் என்று அவரே முன்கூட்டிச் சொல்லி, எனக்கு ஒரு பேரிக்காயை நறுக்கிக் கொடுத்தார். கொரியாவிலிருந்து ஆண்டுதோறும் ஆய்வாளர்கள் இங்கே வந்து தங்கள் நாட்டைப் பற்றிய சுருள்களைத் தேடிப் படியெடுத்துச் செல்கிறார்கள். கொரியப் போரில் 1950 செப்டம்பரில் இஞ்சியோன் துறைமுகத்தில் இறங்கிய படை, அந்த டிசம்பரில் ஹங்னாமிலிருந்து கப்பல்களில் ஏற்றப்பட்ட அகதிகள் என்று அவர்களின் வரலாற்றில் பெரும்பகுதி அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் கேமரா வழியாகத்தான் அசையும் படமாக எஞ்சியிருக்கிறது.

அவர் சொன்ன ஒரு செய்தி என்னை அன்று முழுதும் விடவில்லை. 2017 ஜூலையில் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் காப்பகத்தில் கண்டெடுத்த 18 விநாடிக் காட்சி ஒன்று வெளியிடப்பட்டது. ஜப்பானியப் படை தன் வீரர்களுக்காகப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்கள் ஏழு பேர், வெறுங்காலோடு, ஒரு சுவரோரம் நிற்கிறார்கள். 1944 செப்டம்பரில் சீனாவின் யூனான் மாகாணத்தில் சோங்ஷான் வீழ்ந்தபோது அமெரிக்கப் படமெடுப்பாளர் ஒருவர் எடுத்தது. அதே பெண்களின் நிழற்படம் முன்பே வெளிவந்திருந்ததால், முகத்தையும் உடையையும் ஒப்பிட்டு அடையாளம் கண்டார்கள். பல நூறு டப்பாக்களை ஒன்றுவிடாமல் பார்த்த பிறகு கிடைத்த 18 விநாடி அது.

"எப்படித் தேடுவீர்கள்?" என்று கேட்டேன்.

"பட்டியலில் இருக்காது. எழுதியவருக்கு அது முக்கியமாகப் படவில்லை. அதனால் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும்" என்றார்.

எடுத்தது 164ஆம் சிக்னல் படப்பிடிப்புக் கம்பெனி என்றும் அவர் சொன்னார். சீனா, பர்மா, இந்தியா என்ற மூன்று நாட்டுப் போர்முனையில் பணியாற்றிய பிரிவு அது. இந்தியா என்ற சொல்லைக் கேட்டதும், மாலையில் கிளம்பும் முன்பே மறுநாளுக்கான வேண்டுகோள் சீட்டில் லெடோ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எழுதிக்கொண்டிருந்ததில் பேருந்தைத் தவறவிட்டேன். மழை வலுத்தது. அடுத்த வண்டி நாற்பது நிமிடம் கழித்து. நிறுத்தத்தில் கூரை கிடையாது. பணி முடிந்து காரில் போய்க்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒரு குடையை என் கையில் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வாசல் காவலரிடம் கொடுத்துவிடுங்கள், எனக்கு வந்து சேரும்" என்று சொல்லிப் போனார். வீட்டுக்கு வந்தால் பெட்டி வந்திருந்தது.

19 அக்டோபர், வியாழக்கிழமை – காலேஜ் பார்க்

குடையைக் காவலரிடம் கொடுத்தேன். யாருடையது என்று நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

லெடோ அஸ்ஸாமின் கிழக்கு மூலையில், ரயில் பாதை முடியும் இடம். ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து, சீனாவுக்குப் போகும் தரைவழியை அடைத்ததால், 1942 டிசம்பரில் அமெரிக்கர்கள் அங்கிருந்து மலைக்காடுகளை வெட்டிப் புதுச் சாலை போடத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 15,000 அமெரிக்க வீரர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் பத்தில் ஆறு பேர் கறுப்பினத்தவர். 35,000 உள்ளூர்த் தொழிலாளர்களும் இருந்தார்கள். தேயிலைத் தோட்டங்களும் ஆள் அனுப்பின. நிலச்சரிவிலும் மலேரியாவிலும் விபத்திலும் குண்டிலும் இறந்தவர்களின் கணக்கைப் பார்த்து, மைலுக்கு ஓர் ஆள் என்று வீரர்களே அந்தச் சாலைக்குப் பெயர் வைத்தார்கள். 1945 ஜனவரி 12 அன்று லெடோவிலிருந்து புறப்பட்ட முதல் வாகனத் தொடர் பிப்ரவரி 4 அன்று சீனாவின் குன்மிங் நகரை அடைந்தது.

இந்தச் சாலையைப் பற்றி முடித்து வெளியிடப்பட்ட படமும் உண்டு. அதில் வரைபடம் வரும், அம்புக்குறி ஓடும், வர்ணனைக் குரல் கம்பீரமாக ஒலிக்கும். நான் கேட்டது அதற்கு முந்தியதை.

தொகுப்பு மேசையில் சுருளை மாட்டும்போது என் கைகளுக்குப் பழைய நினைவு வந்துவிட்டது; உதவிக்கு வந்த ஊழியர் இரண்டடி விலகி நின்று, "நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்கள்" என்றார். ஆமாம் என்றேன். அவர் போய்விட்டார்.

முதலில் ஒரு சிறிய கரும்பலகை. சாக்கட்டியால் எழுதிய கம்பெனி எண், தேதி, எடுத்தவர் பெயர். அதைப் பிடித்திருக்கும் கையின் நகக்கண்ணில் சேறு. பிறகு சாலை. சாலை என்று சொல்வதற்கு அதில் எதுவும் இல்லை. முழங்கால் ஆழச் சேறு, அதில் பக்கவாட்டில் நழுவும் லாரி, அதைத் தள்ளும் கறுப்பின வீரர்கள். ஒருவர் வழுக்கி விழுந்து எழுந்து சிரிக்கிறார். மண்வாரி இயந்திரம் சரிவின் விளிம்பில் மண்ணைத் தள்ளுகிறது, மண்ணோடு மரம் ஒன்றும் போகிறது. மழை லென்ஸில் விழுந்து ஒரு துளி கடைசிவரை ஓரத்தில் நிற்கிறது.

பிறகு, வேறு ஒரு நாளின் வெளிச்சத்தில், பெண்கள். கூடையில் ஜல்லி சுமந்து வரிசையாக ஏறி வருகிறார்கள். தலையில் சும்மாடு. இருபது பேராவது இருப்பார்கள். யாரும் கேமராவைக் கவனிக்கவில்லை. கவனிக்காதே என்று சொல்லப்பட்டிருக்கலாம். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்த ஒருத்தி, முப்பது வயதுக்குள் இருப்பாள், கேமராவுக்கு நேரே வந்ததும் நின்றாள். ஒரு கையால் கூடையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் சரிந்த சும்மாட்டைச் சரிசெய்தாள். அப்படிச் செய்துகொண்டே லென்ஸைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, முறைக்கவில்லை. எடைபோடுவது போன்ற பார்வை. பின்னால் வந்தவள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், உதடு அசைகிறது, இவள் நகர்ந்தாள். அவ்வளவுதான். காட்சி அறுந்தது.

மேசையைப் பின்னோக்கி ஓட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக எண்ணினேன். அவள் பார்வை கேமராவில் பட்டதிலிருந்து விலகும்வரை 51 ஃபிரேம். இரண்டு விநாடியும் சற்றும்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு: கூட்டத்தில் யாராவது கேமராவைப் பார்த்துவிட்டால் அந்த ஷாட் போயிற்று. எத்தனை துணை நடிகைகளின், தெருவில் போன எத்தனை மனிதர்களின் பார்வையை இந்தக் கையால் வெட்டி எறிந்திருக்கிறேன் என்று கணக்கு இல்லை. அதில் எனக்கு ஒருபோதும் உறுத்தல் இருந்ததில்லை. கதைக்கு அவர்கள் இடைஞ்சல். இங்கே கதை இல்லை. 35,000 பேரில் ஒருத்தி நின்று, என்னைப் பார் என்பதற்கு இருக்கும் ஒரே அத்தாட்சி அந்த 51 ஃபிரேம்தான். முடித்த படத்தை எடிட் செய்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால், அவளை முதலில் வெட்டியிருப்பார்.

குறிப்பட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தட்டச்சு செய்த வரிகளில் அதிகாரிகளின் பெயர் இருந்தது, இயந்திரத்தின் வகை இருந்தது. அந்தக் காட்சிக்கு எதிரே "உள்ளூர்த் தொழிலாளர்கள்" என்ற பொருளில் இரண்டே சொல். பெண்கள் என்றுகூட இல்லை.

நான்கு மணிக்குமேல் வேறு எதையும் பார்க்கவில்லை. இரவுச் சாப்பாடு என்ன என்பது நினைவில்லை.

21 அக்டோபர், சனிக்கிழமை – டிரையாங்கிள், வர்ஜீனியா

காப்பகத்துக்கு விடுமுறை. மாப்பிள்ளை, மகள், பேரன் எல்லோருமாக மரைன் படையின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். நெடுஞ்சாலையில் நெரிசல், ஒரு மணி நேர வழி இரண்டேகால் மணியாயிற்று. 2006இல் திறந்த கட்டடம். சாய்ந்து எழும் 210 அடி எஃகுத் தூண், ஜப்பானின் இவோ ஜிமா தீவில் சாய்வாக உயர்த்தப்பட்ட கொடிக்கம்பத்தை நினைவூட்டுகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை.

1945 பிப்ரவரி 23 அன்று சுரிபாச்சி மலையில் ஆறு வீரர்கள் கொடி நட்டதை ஜோ ரோசந்தால் எடுத்த நிழற்படம் உலகம் அறிந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்று சார்ஜென்ட் பில் ஜெனௌஸ்ட் அதையே 16 மில்லிமீட்டர் கோடாக்ரோம் வண்ணப் படமாக எடுத்தார் என்பதைப் பலரும் அறியார். ஒன்பது நாள் கழித்து, மார்ச் 4 அன்று, ஒரு குகைக்குள் அவர் கொல்லப்பட்டார், உடல் கிடைக்கவேயில்லை. தான் எடுத்ததை அவர் திரையில் பார்க்கவில்லை.

அந்த நிழற்படம் ஆட்களை நிறுத்திவைத்து எடுத்தது என்று பழி எழுந்தபோது அதைத் துடைத்தது ஜெனௌஸ்டின் சுருள். கம்பம் கிடந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பதுவரை அது இடைவெளியின்றிக் காட்டுகிறது. கம்பம் பிடித்தவர்களின் பெயரையே எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016இலும் மீண்டும் 2019இலும், மரைன் படை திருத்திய போதும் அந்தச் சுருளின் ஃபிரேம்கள் சான்றாகின. சான் பியத்ரோவில் நடிப்பைக் காட்டிக்கொடுத்ததும் இங்கே உண்மையைக் காப்பாற்றியதும் ஒரே பொருள்: வெட்டாமல் விட்ட படம்.

கோடாக்ரோமுக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் கழுவியபின் படமாகிறது. ஆகவே ஜெனௌஸ்டின் கையிலிருந்த கேமராவுக்குள் ஒளி பட்டது எந்தச் சுருளின் மேலோ, அதுவேதான் மூலம். இதைப் பேரனுக்கு விளக்கினேன். "அப்போ காப்பி இல்லையா பாட்டி, அதேவா?" என்று கேட்டான். அதே என்றேன்.

அங்கே தன்னார்வத்தில் வழிகாட்டும், வியட்நாமில் பணியாற்றிய ஒரு பெரியவர், நான் நெடுநேரம் நிற்பதைக் கண்டு எங்கிருந்தோ ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பிறகு தன் வழியே போனார். எலுமிச்சை சாதத்தைக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்; வெயில் இதமாக இருந்தது.

23 அக்டோபர், திங்கட்கிழமை – காலேஜ் பார்க்

கடைசி நாள். வண்ணச் சுருள்களைப் பார்த்தேன்.

1943இல் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிமேல் பறந்த குண்டுவீச்சு விமானங்களில் இயக்குநர் வில்லியம் வைலரும் அவர் குழுவும் ஏறிப் படமெடுத்தார்கள். ஒலிப்பதிவாளராக இருந்து கேமரா பிடித்த ஹரால்ட் டானன்பாம் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் திரும்பவில்லை. முடித்த படத்தில் விமானிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது வானத்தில் பதிவானதன்று. அதே விமானிகளை ஹாலிவுட்டுக்கு வரவழைத்துப் பேசச்செய்தார்கள். பின்னர் இத்தாலியில் பறந்து படமெடுத்தபோது எஞ்சின் இரைச்சலில் வைலர் ஒரு காதின் கேட்கும் திறனை இழந்தார். படத்தில் ஒலியில்லை, எடுத்தவருக்குச் செவி போயிற்று. வெட்டி ஒதுக்கப்பட்டிருந்த மணிக்கணக்கான வண்ணச் சுருள்கள் இந்தக் காப்பகத்தில் கிடந்து, 2018இல் புதிய ஆவணப்படம் ஒன்றுக்கு உயிர் கொடுத்தன.

வியட்நாம் சுருள்களை விரைவாகத்தான் பார்த்தேன். 1962இல் தரைப்படை தொடங்கிய சிறப்புப் படப்பிடிப்பு அலுவலகத்தின் ஆட்கள் எடுத்தவை, 16 மில்லிமீட்டர், பச்சை கண்ணைக் குத்துகிறது. அவற்றைப் பற்றி எழுத இன்னொரு பயணம் வேண்டும்.

ஒரு டப்பாவைத் திறந்தபோது மெல்லிய புளிப்பு வாடை வந்தது. எங்கள் லேபில் பழைய பிரிண்டுகளைத் திறந்தால் வரும் அதே காடி வாடை. அசிட்டேட் சுருள் மெல்லச் சாகும்போது விடும் மூச்சு. நீலத் தாள்துண்டு ஒன்றை உள்ளே வைத்து, அது பச்சையாகி மஞ்சளாகும் வேகத்தைப் பார்த்து நோயின் அளவைக் கணிக்கிறார்கள் என்று ஊழியர் காட்டினார். அசிட்டேட்டாவது மெல்லச் சாகும். 1950களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் சுருள் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். இதே மேரிலாந்தில், சூட்லாந்தில் இருந்த காப்பகத்தின் கிடங்கு 1978 டிசம்பர் 7 அன்று எரிந்து, யூனிவர்சல் செய்திப்படங்களில் சேராத 1 கோடியே 26 லட்சம் அடி படம் அழிந்தது. நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி என்று என் குறிப்புத்தாளில் வகுத்துப் பார்த்தேன். இரவு பகலாக ஓட்டினால் 97 நாள் ஓடும் படம். எத்தனை முகங்கள் கேமராவை நிமிர்ந்து பார்த்தனவோ.

லெடோ சுருளை மறுபடி கேட்டு வாங்கி, என் சிறு கேமராவில் அந்த 51 ஃபிரேமைப் படியெடுத்துக்கொண்டேன். அமெரிக்க அரசு ஊழியர் பணியில் எடுத்த படத்துக்கு அந்நாட்டுச் சட்டப்படி காப்புரிமை இல்லை. யாரும் எடுக்கலாம், யாரும் காட்டலாம். கட்டணம் கேட்கவில்லை.

24 அக்டோபர், செவ்வாய்க்கிழமை – சில்வர் ஸ்பிரிங்

விமானம் இரவுக்கு. காலையில் பேரனுக்குப் பள்ளி தொடங்கும் முன் அந்த இரண்டு விநாடியைக் காட்டினேன்.

"சத்தம் வரலையே பாட்டி" என்றான்.

"எடுத்தபோதே சத்தம் கிடையாது கண்ணா."

"என்ன பாக்கறாங்க?"

"நம்மளைத்தான்."

மறுபடி ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

காப்பகத்தின் இணையப் பட்டியலில் பதிவுசெய்துகொண்டவர்கள் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தங்கள் குறிச்சொல்லைச் சேர்க்கலாம். மகள் எனக்கு ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்து, அந்தச் சுருளின் எண்ணை அடித்துப் பக்கத்தைத் திறந்தாள். முதலில் ஆங்கிலத்தில் சொல்லச்சொல்ல அவள் தட்டினாள்: பெண் தொழிலாளர்கள், கல் சுமத்தல், லெடோ சாலை. பிறகு விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றித் தரச் சொல்லி, சும்மாடு என்ற சொல்லை நானே ஒரு விரலால் தட்டிச் சேர்த்தேன். சேமிக்கவா என்று அது கேட்டது. மாப்பிள்ளை என் பெட்டியை எடைபோட்டுக்கொண்டிருந்தார். 23 கிலோவுக்கு அரைக் கிலோ கூடுதலாம்.